இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மிஹோ ஓரிகாசா செய்த முதல் தப்பு, ஆர்டரில் மூன்று என்று போடவேண்டிய இடத்தில் முப்பது என்று போட்டது. இரண்டாவது தப்பு, அதற்கு முந்தின வாரமே முதல் பாகத்தைப் பெட்டி கட்டித் திருப்பி அனுப்பியது. இரண்டும் புத்தகக் கடையில் வேலை பார்க்கிற எவரும் செய்யக்கூடியவைதான். மூன்றாவதாக ஒன்று செய்தாள் பாருங்கள், அதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது.

மொரியோகா நகரில் ஆற்றங்கரையோரம் இருக்கிற அந்தக் கடையில் மாயக்கதை அலமாரி மிஹோவின் பொறுப்பு. போகாத புத்தகங்களை மாதக் கடைசியில் திருப்பி அனுப்பியாக வேண்டும். குராமொச்சி என்கிற எழுத்தாளரின் மூன்று பாகக் கதையில் முதல் பாகம், வந்த மாதம் ஒரு பிரதி போனதோடு சரி, பிறகு ஐந்து மாதம் ஒருவர் கையும் படாமல் கிடந்தது. மிஹோவுக்கு அந்தக் கதை என்றால் உயிர். மூன்று தடவை படித்தவள். ஆனாலும் கடை கடைதானே, அனுப்பிவிட்டாள். அடுத்த வாரம் நடுப்பாகமான ‘பாலமில்லாத ஊர்’ முப்பது பிரதி வந்து இறங்கியது. மூன்றாம் பாகமோ இன்னும் வெளிவரவேயில்லை. முதல் பாகம் வேண்டுமென்று பதிப்பகத்தைக் கேட்டால், திரும்பி வந்ததெல்லாம் அரைக்கப் போய்விட்டது, கையிருப்பு இல்லை, மறுபடி அச்சடிக்கும் உத்தேசமும் இல்லை என்றார்கள்.

மேனேஜர் நிசாதோ நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய மாதிரி, திட்டமாட்டார், குத்துவார்.

“தலையும் இல்ல, காலும் இல்ல. வெறும் முண்டத்தை முப்பது வாங்கி வச்சிருக்கியே மிஹோ. இதை யார் தலையில கட்டப்போற?”

ரோஷம் வந்துவிட்டது அவளுக்கு. கடைக்காரர்கள் தம் கையாலேயே சிபாரிசு அட்டை எழுதிப் புத்தகத்தின் மேல் நிறுத்துவார்கள் இல்லையா, மிஹோவும் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து, நீல மையில் தடித்த எழுத்தில் எழுதினாள்: ‘இந்தக் கதையை நடுவிலிருந்து தொடங்குங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன்.’ கீழே பெயரையும் போட்டாள்.

முழுப் பொய். அவள் முதல் பாகத்தின் முதல் வரியிலிருந்து ஒழுங்காகப் படித்தவள்.

அட்டைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டையும் பேனாவையும் வைத்தாள். எங்கள் ஊர்க்காரர்களிடம் புத்தகம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள், தலையை ஆட்டி, நன்றாக இருந்தது என்பார்கள், அதோடு சரி. அதே ஆளிடம் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்து போனால் போதும், நான்கு பக்கம் கொட்டிவிடுவார். வெந்நீர்க் குளியல் விடுதியிலிருந்து மலை உச்சிக் குடில் வரை அப்படித்தான் நோட்டுகள் நிரம்புகின்றன.

இந்த நோட்டும் நிரம்பியது. பல் மருத்துவமனையில் சீட்டு எழுதுகிற பெண் ஒருத்தி, கதையில் வரும் படகுக்காரி இசோ துடுப்பைக் கழுவுகிற பக்கத்தைப் படித்துவிட்டு என் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் எடுத்துக் கழுவினேன் என்று எழுதினாள். ஒரு கல்லூரி மாணவன், இதில் சண்டையே இல்லை, ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை, எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று புலம்பியிருந்தான். நகரப் பேருந்து ஓட்டுகிற தொச்சினாய் என்கிற அம்மாள், ஒவ்வொரு முறையும் பாலத்தின் மேல் வண்டி ஏறும்போது இசோவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்பதாக எழுதி, நான் மெதுவாகப் படிக்கிறவள், யாரும் மேற்கொண்டு சொல்லிவிடாதீர்கள் என்று அடிக்கோடிட்டிருந்தார். மூன்று வாரத்தில் முப்பதும் போய், இன்னும் நாற்பது வந்து, அதிலும் பாதி போய்விட்டது.

மிஹோ தினமும் காலையில் கடை திறந்ததும் நோட்டைத்தான் எடுப்பாள். தான் நேசித்த ஒன்றை இத்தனை பேர் நேசிக்கிறார்கள் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் ஹெராய் வாத்தியார் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், எதையும் வரிசைப்படி செய்கிறவர். முதல் பாகத்தை வந்த மாதமே வாங்கிய ஒரே வாடிக்கையாளர். நடுவிலிருந்து தொடங்குவது உடையோடு குளியல் தொட்டியில் இறங்குகிற மாதிரி என்று நோட்டில் கண்டித்து எழுதினார். ஆனால் புத்தகத்தைப் பற்றி எழுத ஆரம்பித்ததும் அவருக்கும் கை நிற்கவில்லை. முதல் பாகத்தை விட இதுதான் பெரிய புத்தகம் என்று ஒப்புக்கொண்டு, கடைசியில் ஒரு கேள்வி வைத்தார்.

கேள்வி புரிய வேண்டுமானால் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். படகுக்காரி இசோ, காயம்பட்டு ஆற்றில் மிதந்து வந்த ஒருவனை இழுத்துக் கரையேற்றி, குளிர்காலம் முழுக்க வைத்துப் பராமரிக்கிறாள். அவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. முதல் பாகம் படித்தவர்களுக்கு அவனை முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஐயோ பாவி, இவனுக்கா கஞ்சி ஊட்டுகிறாய் என்று பதறிக்கொண்டே படிப்பார்கள். இசோவுக்கு அது தெரிவது இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில். நடுவிலிருந்து தொடங்கியவர்களுக்கும் அங்கேதான். அவன் யார் என்பதை நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

ஹெராய் வாத்தியாரின் கேள்வி இதுதான்: அந்தப் பக்கம் வரும்வரை அவனை யாரென்று நினைத்தீர்கள்?

மாணவன், இசோவின் காணாமல்போன அண்ணன் என்று நினைத்தானாம். பல் மருத்துவமனைப் பெண், இசோவுக்கே மாப்பிள்ளையாக வரப்போகிறவன் என்று கல்யாணச் சாப்பாடு வரைக்கும் போய்விட்டாளாம். உண்மை தெரிந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வாத்தியார் நேராகவே கேட்டிருந்தார்: ‘அட்டை எழுதிய ஓரிகாசா அவர்கள் என்ன நினைத்தார் என்று அறிய ஆவல்.’

மிஹோவுக்கோ அவன் யாரென்று முதல் பக்கத்திலேயே தெரியும். ஏதாவது ஒன்றை இட்டுக்கட்டி எழுதிவிடலாம்தான். பேனாவை எடுத்தாள், வைத்தாள். பல் மருத்துவமனைப் பெண்ணின் ஜன்னல் அவள் கண்ணிலேயே நின்றது. அது தனக்குக் கிடைக்காத ஒன்று. அதைத் தனக்குக் கிடைத்தது போல எழுதக் கை வரவில்லை.

நான்கு நாள் ஒத்திப்போட்டாள். ஐந்தாம் நாள் பதிப்பகத்திலிருந்து ஹமுரோ தொலைபேசியில் கூப்பிட்டார். ஊர் ஊராகக் கடைகளுக்குப் போய்வருகிற விற்பனைக்காரர். அவளுடைய அட்டை வாசகத்தை அப்படியே, அவள் பெயரோடு, புத்தகத்தைச் சுற்றும் காகிதப் பட்டையில் அச்சிட்டு நாடு முழுக்க அனுப்பப்போகிறோம் என்றார். முதல் பாகத்தையும் மறுபடி அச்சடிக்கிறார்களாம். ஒன்றை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். இது ஓடாவிட்டால் மூன்றாம் பாகம் வருவதே சந்தேகம். வியாழக்கிழமை எழுத்தாளரையே கூட்டிக்கொண்டு வருகிறேன், நோட்டைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று வைத்துவிட்டார்.

இப்போது பாருங்கள் அவள் நிலையை. வாயைத் திறந்தால் மூன்றாம் பாகம் போச்சு. மூடிக்கொண்டால் நாட்டிலுள்ள அத்தனை கடையிலும் அவள் பெயரில் ஒரு பொய். நிசாதோவிடம் சொன்னாள்.

“இதுக்குப் போயா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? எந்த அட்டையில முழு உண்மை இருந்திருக்கு?” என்றார் அவர்.

“அட்டைன்னா பரவாயில்ல சார். அவங்க நோட்டுல நெசத்தை எழுதியிருக்காங்க.”

நிசாதோ கல்லாப் பக்கம் நகர்ந்து போனார்.

வியாழன் காலை பனி கொட்டிக்கொண்டிருந்தது. மிஹோ அட்டையை எடுத்து மேசைக்குள் போட்டாள். நோட்டில் எழுதினாள்: ‘ஹெராய் ஐயாவுக்கு. நான் எதுவுமே நினைக்கவில்லை. எனக்கு முன்பே தெரியும். நான் முதல் பாகம் படித்தவள், அட்டையில் எழுதியது பொய். மன்னித்துவிடுங்கள். உங்கள் எல்லோருடைய பதில்களையும் படித்துப் படித்துப் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறேன்.’

பதினொரு மணிக்கு இருவரும் வந்தார்கள். குராமொச்சி அம்மாள் சின்ன உருவம், பெரிய மேல்கோட்டு. கொண்டுவந்த பலகாரப் பெட்டியைக் குனிந்து கொடுத்துவிட்டு நேரே நோட்டிடம் போய், நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தார். மிஹோவுக்கு உட்காரவும் தோன்றவில்லை, நிற்கவும் தோன்றவில்லை. பாத்திரம் கழுவியவளைப் படித்து அவர் சிரித்தார். ஜன்னலோரம் நின்றவளிடம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசிப் பக்கம் வந்தது. மிஹோ தலையைத் தாழ்த்தி அப்படியே நின்றாள்.

தோள் வழியே எட்டிப் படித்த ஹமுரோவின் முகம் வெளிறிவிட்டது. பட்டைக்கான வாசகம் அச்சகத்துக்கே போய்விட்டது என்று முணுமுணுத்தார்.

குராமொச்சி அம்மாள் நோட்டை மூடவில்லை.

“எனக்கும் அது கிடைக்கலம்மா,” என்றார். “ஆறு வருஷம் எழுதினேன். அவன் யாருன்னு தெரியாம ஒரு நாள்கூட அந்தப் பக்கத்தைப் படிக்க எனக்குக் கொடுத்து வைக்கல. நடுப்பாகம் சும்மா ஒப்பேத்துற பாகம்னு சொல்லுவாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். உன் பொய்யால இத்தனை பேருக்குக் கிடைச்சிருக்கே.”

மிஹோ வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. கூடவே சீருடையோடு தொச்சினாய் அம்மாள், பனியைத் தட்டிக்கொண்டு. அடுத்த ஓட்டத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறதாம், நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகலாமென்று வந்தாராம். கக்கத்தில் புத்தகம், உள்ளே அடையாளமாக ஒரு பழைய பேருந்துச் சீட்டு.

“இருநூத்தி அஞ்சுல நிக்கிறேன்,” என்றார் எல்லோரையும் பார்த்து. “பாவம் நல்ல மனுஷன், அவனுக்குக் காயம் ஆறிடுச்சு. இனிமே அந்தப் பொண்ணுக்கு நல்ல காலம்தான்.”

எழுதியவர் மேல்கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். படிக்கவே படிக்காத நிசாதோகூட எதையோ உணர்ந்து வாயை மூடிக்கொண்டார். தொச்சினாய் அம்மாளின் முகத்தை மிஹோ பார்த்தாள். இன்னும் ஏழு பக்கம். உலகத்தில் எதைக் கொடுத்தாலும் தனக்குக் கிடைக்காத ஏழு பக்கம்.

அவள் மேசையைத் திறந்து பழைய அட்டையை எடுத்தாள். இரண்டாவது வரியை அடித்தாள். அதன் கீழே நீல மையில் எழுதி, ஹமுரோவிடம் நீட்டினாள். அச்சகத்துக்கு இப்போதே கூப்பிடுங்கள் என்று குராமொச்சி அம்மாள் அவரிடம் சொன்னார்.

வசந்தத்தில் வந்த பட்டையில் இருந்தது அதுதான்: ‘இந்தக் கதையை நடுவிலிருந்து தொடங்குங்கள். எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.’