மூன்றாவது கடிதம்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குள் லோரீன் ஸ்கூபிக் பல்கலைக்கழகத்தின் விண்ணப்ப இணையப் பக்கத்தை ஒன்பது தடவை திறந்து பார்த்துவிட்டாள். ஒன்பது தடவையும் அது ஒன்றையேதான் சொன்னது. விண்ணப்பக் கட்டணம், வந்தது. கல்லூரி மதிப்பெண்கள், வந்தன. பரிந்துரைக் கடிதம் ஒன்று, வந்தது. இரண்டு, வந்தது. மூன்று, இன்னும் வரவில்லை. மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

ஆசிரியர் உரிமம் தரும் முதுநிலைப் படிப்பு அது. கல்வி மாவட்டம் இந்த ஒரு வருடம் மட்டும் பாதிக் கட்டணம் கொடுக்கிறது. அடுத்த வருடம் கிடையாது என்று அறிவிப்பிலேயே போட்டுவிட்டார்கள். மீதிப் பாதியைக்கூட எப்படியாவது தேற்றிவிடலாம். கடைசிப் பதினான்கு வாரம்தான் இடித்தது. அந்தப் பதினான்கு வாரமும் ஒரு வகுப்பில் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும், சம்பளம் கிடையாது. பதினோரு வருடமாக வகுப்பு உதவியாளராக அவள் செய்துவரும் அதே வேலையை, அதே மாதிரிப் பிள்ளைகளோடு, சம்பளம் வாங்காமல், போதாக்குறைக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பணமும் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்த மகராசன் யாரோ, அவன் வீட்டில் சம்பளத்தை நம்பி யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பதினான்கு வாரத்துக்காக அவள் கணவன் டெல் தன் மீன்பிடிப் படகை விற்றுவிட்டான். "எப்படியும் அது ஒழுகுது" என்றான். அது ஒரு சொட்டுக்கூட ஒழுகியதில்லை.

மூன்றாவது கடிதத்தை எழுத வேண்டியவர் ஆர்லிஸ் மாக்கி. ஊரின் ஆரம்பப் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பின் ஆசிரியை. அவருடைய உதவியாளர்தான் லோரீன். இரண்டு பேர் மேசைக்கும் நடுவில் ஆறு தப்படி. போய்க் கேட்க வேண்டியதுதானே?

அது நடக்காது. மினசோட்டாவின் வடக்கே யாரும் யாரிடமும் எதையும் நேராகக் கேட்பதில்லை. காபி வேண்டுமா என்றால், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான், சரி, இருந்தால் அரைக் கோப்பை கொடுங்கள் என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கை நீட்டுகிறவளை ஊர் நாற்பது வருடம் ஞாபகம் வைத்திருக்கும்.

ஜனவரியில், படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஆர்லிஸாகத்தான் ஆரம்பித்தார்.

"நான் வேணா ஒரு கடிதம் எழுதித் தரேனே."

"ஐயோ, வேண்டாம். உங்களுக்கு இருக்கிற வேலையில..."

"அதுல என்ன இருக்கு? எழுதறேன்."

"பரவாயில்லை ஆர்லிஸ், நிஜமாவே."

இந்த இடத்தில் மூன்றாவது தடவை வந்திருக்க வேண்டும். மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பாதியில் நின்ற பேச்சுதானே என்று லோரீன் விண்ணப்பத்தில் ஆர்லிஸின் பெயரைக் கொடுத்தாள். கடிதத்தைப் படித்துப் பார்க்கும் உரிமை எனக்கு வேண்டாம் என்ற கட்டத்திலும் டிக் போட்டாள். கடிதம் கேட்டுப் பல்கலைக்கழகம் ஆர்லிஸுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அதற்குப் பிறகு ஐந்து வாரம். ஆர்லிஸ் வாயே திறக்கவில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை லோரீன் பார் என்ற இனிப்பைச் செய்து கொண்டுவந்தாள். பீனட் பட்டரும் சாக்லெட்டும் போட்டுத் தகரத் தட்டில் வெட்டிய சதுரத் துண்டுகள். அந்த ஊரில் பாதி விஷயங்களைப் பார்தான் பேசும்.

"அட, எதுக்கு இதெல்லாம்?" என்றார் ஆர்லிஸ்.

"சும்மாதான். வெள்ளிக்கிழமையாச்சே."

"இன்னிக்குப் பனி கொட்டுமாம்."

"கொட்டுமாமே. அஞ்சு மணிக்கு மேலதானாம்." அஞ்சு மணி என்பதை லோரீன் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

"அப்ப அதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணும்" என்றார் ஆர்லிஸ்.

பத்தரை மணிக்குத் தீயணைப்பு ஒத்திகை மணி அலறியது. ஹெய்டி என்ற ஏழு வயதுப் பெண் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள். லோரீன் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்து, ஒரு கிரேயானை மெல்ல உருட்டிவிட்டாள். அது திரும்பி வரவில்லை. இன்னொன்றை உருட்டினாள். ஐந்தாவது கிரேயான் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் ஹெய்டியும் வந்தாள். லோரீன் நிமிர்ந்தபோது ஆர்லிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை லோரீனுக்குப் பிடிக்கவில்லை. இவளுக்கு எதற்கு உரிமம் என்று நினைக்கிறாரோ? அப்படி நினைத்துத்தான் எழுதவில்லையோ? கழிப்பறைக்குப் போய் மறுபடி பக்கத்தைத் திறந்தாள். மூன்று, இன்னும் வரவில்லை.

மதியம், தான் வேலை செய்யும் சுரங்கத்திலிருந்து டெல் போன் செய்தான்.

"கேட்டியா?"

"பார் குடுத்தேன்."

"பாரைத் தின்னுட்டு அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. கேட்டியான்னா?"

"அஞ்சு மணின்னு சொன்னேன். பனியைப் பத்திப் பேசறப்ப."

"லோரீன், படகு வாங்க வந்தவன் என்ன விலைன்னு கேட்டான். உனக்கு என்ன தோணுதோ குடுன்னேன். எழுநூறு டாலர் போச்சு."

"ஒழுகுதுன்னு என்கிட்டதானே சொன்னே?"

"அவன்கிட்டயும் சொல்லித் தொலைச்சேன். நம்ம மரியாதைக்கு அந்த எழுநூறே போதும். போய்க் கேளு."

பிற்பகல் முழுவதும் அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூன்று தடவை ஆர்லிஸின் மேசைவரை போய், ஒரு தடவை கத்தரிக்கோலையும் இரண்டு தடவை ஸ்டேப்ளரையும் எடுத்துக்கொண்டு திரும்பினாள். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தால் ஆர்லிஸின் நாற்காலி காலி. மணி நாலு பத்து. கோட்டைக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

ஆர்லிஸ் காரை ஓடவிட்டுக் கண்ணாடிப் பனியைச் சுரண்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். லோரீன் ஜன்னலைத் தட்டினாள்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கிற மாதிரி தெரியுது."

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும். கோட்டு எங்கே?"

லோரீன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஆர்லிஸ், எனக்கு அந்தக் கடிதம் வேணும். இன்னிக்கே. அஞ்சு மணிக்குள்ள."

சொல்லி முடித்ததும் அந்தக் குளிரிலும் காது சுட்டது. ஆர்லிஸ் என்ஜினை அணைத்தார்.

"நீதானே வேண்டாம்னு சொன்னே."

"ரெண்டு தடவைதானே சொன்னேன்!"

ஆர்லிஸ் ஸ்டீயரிங்கையே பார்த்தார். "தெரியும். மூணாவது தடவை கேட்டா நீ சரின்னுடுவே. அதனாலதான் கேக்கல."

லோரீனுக்கு வந்த கோபத்தில் குளிர் மறந்துபோயிற்று. "அஞ்சு வாரம்! எனக்குத் தூக்கம் போச்சு, டெல்லுக்குப் படகு போச்சு. எதுக்காக?"

"நீ போயிட்டா அந்த மேசைக்கு அடியில யாரு படுக்கறது? என் முழங்கால் மடங்காது. நான் ரிட்டையராக இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு, லோரீன். அதை உன்னை வச்சு ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

"உங்க ரெண்டு வருஷத்துக்காக நான் என்னோட இருபது வருஷத்தைக் குடுக்கணுமா?"

ஆர்லிஸ் காரை விட்டு இறங்கி, விறுவிறுவென்று பள்ளிக்குள் நடந்தார். முழங்கால் மடங்காதவரின் நடையாக அது இல்லை.

கடிதம் ஜனவரியிலேயே எழுதி முடித்து கம்ப்யூட்டரில் கிடந்தது. அனுப்பத்தான் கை வரவில்லை. இப்போது கை வந்தது, கடவுச்சொல் வரவில்லை. நாலு இருபத்தாறு. புதிதாக ஒன்று கேட்டு வாங்கி உள்ளே போவதற்குள் நாலு முப்பத்தெட்டு. கடிதம் திரையில் விரிந்ததும் லோரீன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"அங்கே என்ன பாக்கறே?"

"படிக்க மாட்டேன்னு டிக் போட்டிருக்கேன்."

"படிச்சா போலீஸா வரப்போகுது?"

"டிக் போட்டாச்சு ஆர்லிஸ். நீங்க அனுப்புங்க."

"இதுல இன்னும் ஒரு கேள்வி கேக்கறான். இவரோடு சக ஆசிரியராக வேலை செய்ய விரும்புவீர்களாங்கறான்."

சுவரில் பிள்ளைகள் வரைந்த பதினோரு பனிமனிதர்கள் இருந்தார்கள். லோரீன் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன என்று கழுத்து துடித்தது. இல்லை என்று போட்டுவிடுவாரோ? போட்டாலும் தனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஒரு கிளிக். அதன் பின்னால் இன்னொன்று.

"போயிடுச்சு" என்றார் ஆர்லிஸ். "விரும்புவேன்னுதான் போட்டேன். பொய் சொல்ல முடியல."

நாலு நாற்பத்தேழுக்கு லோரீனின் போன் அதிர்ந்தது. மூன்று, வந்தது. லோரீன் பிள்ளைகளின் சின்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தகரத் தட்டில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. அந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. பள்ளி முழுக்க வந்து வந்து அதைப் பாதி, அந்தப் பாதியில் பாதி என்று வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆர்லிஸ் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்கறியா?"

லோரீன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

வேண்டாம் என்ற பதிலுக்காகக் காத்திருந்த ஆர்லிஸ், அடுத்த தடவை கேட்பதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"காபியும் இருக்கா?" என்று கேட்டாள் லோரீன். "முழு கப் வேணும்."