டிஸ்கோ மேடை இருண்ட நாற்பது நிமிடம்

பழைய பாப், டிஸ்கோ, சோல் பாட்டுகளுக்கான அந்த இசைவிழா முதலில் தூத்துக்குடி டவுனுக்குள் நடப்பதாகத்தான் இருந்தது. மைதானத்துக்கு அனுமதி கிடைக்காமல் போகவே, கீழவைப்பாருக்குத் தெற்கே கடற்கரை மணலுக்கு மாற்றிவிட்டார்கள். மேடை விளக்குகளை இயக்கும் ஏஞ்சலின் கீழவைப்பார்க்காரி. வேலை வீட்டுப் பக்கமே வந்துவிட்டதில் அவளுக்குச் சந்தோஷம். அண்ணன் செல்வினிடம் சொல்லத்தான் முடியவில்லை. இடம் மாறுவதற்கு முந்தின நாளே அவனும் கூட்டாளி ரோச்சும் வள்ளத்தை எடுத்துக்கொண்டு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடலுக்குப் போய்விட்டார்கள்.

விழா அன்று மாலை ஏழு மணிக்கு எமில்டா பாட ஏறினாள். வெள்ளி ஜிகினாக் கோட்டு, தடித்த கணீர்க் குரல். மணலில் நாலாயிரம் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடையின் இரண்டு பக்கமும் இரும்புக் கோபுரங்கள். உச்சியில் சிவப்பு விளக்குகள். டிரம்ஸ் அடிக்கு ஒன்றாக ஏஞ்சலின் அவற்றை அணைத்தும் எரித்தும் விளையாடிக்கொண்டிருந்தபோது செல்வின் கூப்பிட்டான். காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலேயே பேசினாள்.

“ஏளா, கரைக்கு வந்துட்டோம். அம்மாட்ட சொல்லிரு. ஜிபிஎஸ்ல தண்ணி ஏறிட்டு. போனும் இப்ப செத்துரும்.”

“எங்கனண்ணே வாரீங்க?”

“கோயிலுக்கு நேரா. இன்னும் பத்து நிமிசம். ஊருல கரண்டு சரியில்லையா? கரையே இருட்டிக் கெடக்கு. கோயில் கோபுரத்துச் செவப்பு லைட்டு மட்டும் தெரியுது. அதுவும் விட்டு விட்டு எரியுது.”

ஊர்க் கோயில் கோபுரத்தின் சிவப்பு விளக்குதான் கரைக்கு வரும் வள்ளங்களுக்கு அடையாளம். அது விட்டு விட்டு எரிகிறது என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி பார்வை தன் விரலில் விழுந்தது. விட்டு விட்டு எரிவது அவள் போடும் சிவப்பு. சிவப்பை அணைத்து, மூன்று எண்ணும் வரை விரலை எடுக்காமல் வைத்திருந்தாள்.

“அண்ணே, இப்ப எரியுதா?”

“அணைஞ்சிட்டு.”

விரலை எடுத்தாள்.

“இந்தா, வந்துட்டு,” என்றான்.

“அண்ணே, அது கோயில் இல்ல. வள்ளத்தத் திருப்பு, அங்கன பூராம் பாறை.”

 போன் செத்துவிட்டிருந்தது. எவ்வளவு கேட்டானோ, எதுவுமே கேட்கவில்லையோ, தெரியவில்லை. திரும்ப அடித்தாள், சுவிட்ச் ஆஃப் என்றது.

மேடைக்கு நேர் எதிரே, கடலுக்குள் அரை மைல் வரை பாறை. பகலிலேயே அந்தப் பக்கம் வள்ளம் விட மாட்டார்கள். இன்றைக்கு வாடைக் காற்று வேறு தூக்கித் தூக்கி அடித்தது.  சிவப்பை மட்டும் அணைத்தால் போதாது. கிட்டே வர வரக் கீழே இருக்கும் மற்ற வெளிச்சமும் தெரியும், அதைப் பார்த்து வருவான். ஒன்றுமே தெரியாவிட்டால்? கரண்டு போய்விட்டது என்று நினைத்து நிற்பான். நிற்பானா? இல்லை, இருட்டில் குத்துமதிப்பாக ஏறிவிடுவானா?

யோசிக்க நேரமில்லை. மொத்த விளக்குகளையும் அணைத்தாள். அலங்கார சரங்களுக்கான மெயின் சுவிட்சையும் இழுத்துவிட்டாள்.

கூட்டத்திலிருந்து ஒரு பெரும் சத்தம் எழுந்தது. பெண்கள் கத்தினார்கள். எங்கோ தடுப்புக் கம்பி சரிந்தது. இருட்டில் நாலாயிரம் பேர் வாசலுக்கு ஓடினால் என்ன ஆகும் என்ற நினைப்பே அப்போதுதான் அவளுக்கு வந்தது. அண்ணனுக்காக இங்கே யாரையாவது சாகடித்துவிடப் போகிறோமா?

விழாவை நடத்தும் ராஜதுரை கையில் டார்ச்சுடன் ஓடிவந்தார். ஆத்தூர்க்காரர், விவசாயக் குடும்பம்.

“என்னம்மா ஆச்சு? போடு லைட்ட.”

“போடக்கூடாது அண்ணாச்சி.” சுவிட்சுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டாள். “எங்க அண்ணன் நம்ம லைட்ட கோயில் லைட்டுன்னு நெனச்சுப் பாறைக்கு வந்துக்கிட்டு இருக்கான். மொதல்ல அந்த டார்ச்ச அணைங்க.”

ராஜதுரைக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டு மேடைப் பக்கம் ஓடினார்.

மைக்கில் எமில்டாவின் குரல் வந்தது. “யாரும் எந்திரிச்சு ஓடாதீங்க. கடல்ல ஒரு வள்ளம் வழி தப்பி வருது, அதுக்காகத்தான் அணைச்சிருக்கோம். அப்படியே மணல்ல உக்காருங்க. செல்போன் லைட்டையும் அணைங்க.”

சொல்லிவிட்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல் மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தாள். போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அவிந்தன. கூட்டம் உட்கார்ந்தது.

ஏஞ்சலின் ரோச்சின் மனைவி பிலோமிக்கு அடித்தாள்.

“ஆறு மணிக்கே கரண்டு போயிட்டு,” என்றாள் பிலோமி. மேடை ஜெனரேட்டரில் ஓடியதால் ஏஞ்சலினுக்கு அது தெரிந்திருக்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவள் மூச்சு மாறியது. “கரையில ஆள் நிக்கி. வள்ளம் எறக்கச் சொல்லுதேன்.” செருப்பில்லாமல் ஓடும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஏஞ்சலின் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு அலை உடையும்போதும் மரம் பிளக்கும் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. ஒருவேளை வெளிச்சம் இருந்திருந்தால் கிட்டே வந்ததும் பாறையைக் கண்டு விலகியிருப்பானோ? நான்தான் அவன் கண்ணைக் கட்டிவிட்டேனோ? இந்தக் கேள்வி வந்ததும் அவள் குனிந்து மணலில் வாந்தி எடுத்தாள்.

எமில்டா நான்கு பாட்டுப் பாடி முடித்திருந்தாள். நாற்பதாவது நிமிடத்தில் பிலோமி கூப்பிட்டாள். அழுதுகொண்டே பேசியதால் முதலில் எதுவும் புரியவில்லை.

“ரெண்டு பேரும் இருக்காவ. கட்டி இழுத்துட்டு வாராவ.”

விளக்கை அப்படியே விட்டுவிட்டு அவள் கடலோரத்துக்கு ஓடினாள். ராஜதுரைதான் போட்டார்.

வெளிச்சம் அணைந்ததுமே செல்வின் எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டிருக்கிறான். நங்கூரம் பிடிக்காமல் வள்ளம் இழுபட்டு, கடைசியில் ஒரு பாறையில் மோதி அடிப்பக்கம் கிழிந்திருக்கிறது. ரோச்சின் வலது கை முறிந்துவிட்டது. வேகத்தோடு ஏறியிருந்தால் ஒருவனும் மிஞ்சியிருக்க மாட்டான் என்றார்கள் இழுத்து வந்தவர்கள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்டுத் தூங்கும் ரோச்சுக்கு அருகில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். செல்வினின் உதடு உப்பில் வெடித்திருந்தது.

“நான் கத்துனது கேட்டுச்சாண்ணே?”

“இல்ல.” ரோச்சின் போர்வையை இழுத்துவிட்டான். “அணைஞ்ச ஒடனே ரோச்சு, போயிருவோம், பழகுன வழிதானன்னு சொன்னான். நானும் எஞ்சின மறுபடி கெளப்பக் கயித்துல கைய வச்சிட்டேன். ஏன் இழுக்கலன்னு எனக்கே தெரியல.”

அவள் நாற்காலியை நகர்த்தி அவனோடு ஒட்டி உட்கார்ந்தாள்.