கட்டிலடிப் பெட்டி

குளிப்பாட்டும் பலகை உள்ளே வர வேண்டும் என்று சாதுல்லாவே முன்னால் நின்று அறையைக் காலி செய்தார். மேசை வெளியே போனது, அலமாரி நகர்ந்தது. இறந்துபோன தம்பி ஆசாத்தின் கட்டிலுக்கடியில் சின்னதாய் ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மய்யித்துக்குப் பக்கத்தில் இது என்ன கண்ணடிப்பு என்று ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, பெட்டியோடு பரண்மேல் போட்டார். தினமும் ஜவுளிக்கடை சாத்தும்போது எல்லா சுவிட்சையும் தன் கையால் அணைத்துவிட்டுத்தான் படி இறங்குகிறவர் அவர்.

எழுபத்து மூன்று வயதில், ஐம்பத்தெட்டு வயதுத் தம்பியைக் குளிப்பாட்டும்போதும் அவர் முதுகு வளையவில்லை. மூன்று தலைமுறையாகக் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் நிமிர்ந்து நின்ற குடும்பம். ஆசாத் மட்டும்தான் கல்லாவில் உட்காராமல், ஆபீஸ் ஆபீஸாக ஒயர் இழுக்கப் போனவன். சம்பந்திகள் கேட்டால், "கம்ப்யூட்டர் பிசினஸ்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

கஃபன் துணி சுற்றி நடுக்கூடத்தில் கிடத்தியபோது மணி பத்து. நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கத்துக்கு எடுக்க வேண்டும். ஆசாத்தின் செல்போன் அடிக்கத் தொடங்கியது. வெள்ளிமலை, கரியாலூர், சின்னசேலம், தியாகதுருகம். ஆசாத் ஒயர் இழுத்துக் கொடுத்த ஆபீஸ்காரர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: ஆபீசில் மெயில் திறக்கவில்லை. ஆசாத்தின் மகள் ருக்சார் அத்தாவோடு சேர்ந்து அதே வேலையைப் பார்த்தவள். போனை எடுத்தவளுக்கு, அத்தா இறந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை எடுக்க எழுந்தாள்.

"ஒக்காரும்மா. மய்யித்து வூட்டுல கம்ப்யூட்டரத் தொறந்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்று சாதுல்லா தடுத்தார்.

"பெரியத்தா, மலை ஸ்கூல் ஆபீஸ்ல ஜெயசுதாக்கா காத்துகினு இருக்காங்க. பதினேழு புள்ளைங்க நர்சிங் சேரணும். பன்னெண்டுக்குள்ள சர்டிபிகேட்டு மெயில்ல போவணுமாம்."

"நாளைக்கு அனுப்பச் சொல்லு."

"நாளைக்கு சீட்டு இருக்காதுங்க."

வெளியே சாமியானாவின் கீழ் பக்கத்துக் கடை ஜுனைதின் குரல் கேட்டது. "எனக்கும்தான் காலைலேர்ந்து மெயில் வரல. ஆசாத் பாய் போட்ட லைனு, ஆசாத் பாயோடயே பூடுச்சு."

சாதுல்லாவுக்குச் சுருக்கென்றது. மண்ணில் வைக்கும் முன்பே தம்பியின் வேலைக்குக் குறை சொல்லிவிட்டார்கள்.

"தொற," என்றார்.

ருக்சார் உள்ளறையில் லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டினாள்.

"லைன் நல்லாதான் இருக்குதுங்க. நம்பர் போட்டா போவுது. பேரு போட்டாதான் நிக்கிது."

"எனக்குப் புரியறாப்ல சொல்லு."

"நாம பேரத்தான் அடிக்கிறோம். மெஷினுக்கு நம்பருதான் தெரியும். எந்தப் பேருக்கு எந்த நம்பருன்னு கேட்டா சொல்றதுக்கு, அத்தா தனியா ஒண்ணு வச்சிருந்தாரு. மலையிலேர்ந்து வெளியூர்ல கேட்டா பதிலு வர லேட்டாவும், அதனால எல்லா ஆபீசும் அதைத்தான் கேக்கும். கட்டிலுக்குக் கீழ..." அவள் விரல்கள் நின்றன. "பெரியத்தா, அந்த ரூமுல இருந்த பெட்டி எங்க?"

குளிப்பாட்டிய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாதுல்லா அவர்களில் யார்மீது கைகாட்டினாலும் ஊர் நம்பும்.

"நான்தான் புடுங்கிப் போட்டேன்," என்றார் சாதுல்லா. ஜுனைதுக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னார்.

பெட்டியை அவரே எடுத்து வந்தார். அறையில் கற்பூர வாசனை இன்னும் போகவில்லை. ஈரத் தரையைத் தோள் துண்டால் துடைத்தார். முழங்கால் மடித்து, முதுகு வளைந்து, பழைய இடத்திலேயே பெட்டியை வைத்து ஒயரைச் செருகினார். சிவப்பு எரிந்தது. கொஞ்சம் பொறுத்துப் பச்சை.

ருக்சார் திரையை அவர் பக்கம் திருப்பினாள். எழுத்துகள் வரிவரியாக மேலேறிக்கொண்டிருந்தன, நிற்காமல்.

"ஒவ்வொரு வரியும் எங்கியோ ஒருத்தர் கேக்கறது. பக்கத்துலயே பதிலு."

"இத்தன பேரா?"

"இது இப்போ ஒரு நிமிஷத்துல கேட்டவங்க மட்டும்தாங்க."

"எத்தினி வருஷமா?"

"பதினோரு வருஷமா. இன்னிக்குத்தான் நின்னுது."

அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அவர் எத்தனை முறை டீ குடித்திருப்பார். ஒரு தடவையும் கீழே குனிந்து பார்த்ததில்லை. கூடத்தில் ஆசாத் வாய் திறக்காமல் கிடந்தான். இங்கே, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் போய்க்கொண்டிருந்தது. சாதுல்லாவின் கை தானாகத் தலைத்தொப்பியைச் சரிசெய்தது.

பதினொன்றே முக்காலுக்கு மறுபடி போன் அடித்தது. அவரே எடுத்தார்.

"பதினேழும் போயிடுச்சுங்க!" ஜெயசுதாவின் குரல் மூச்சு வாங்கியது. "ஆசாத் சார்கிட்ட ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்ம்மா," என்றார்.

ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கும் நேரம், வழக்கம்போல அவர் கடைசியாக அறைக்குள் போனார். ஃபேனை அணைத்தார். டியூப்லைட்டை அணைத்தார். பெட்டிக்குப் போகும் மூன்றாவது சுவிட்சின்மேல் விரல் நின்றது. விரலை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, ஜனாஸாவின் முன்கொம்புக்குத் தோள் கொடுக்கப் போனார்.