வளையத்துக்கு ஒரு கதவு

ஹாப்ஸ் கொடியில் ஆண் எது பெண் எது என்று பூத்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். கோர்பினியனுக்கு இலையைப் பார்த்தாலே போதும். அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மதுக்கடையில், சந்தையில், கோயில் வாசலில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

ஹாப்ஸையே நம்பிப் பிழைக்கிற ஹாலர்டாவ் மேடுகளில் இந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அங்கே தோட்டத்துக் கம்பியில் ஏறி நிற்பதெல்லாம் பெண்கொடி. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற கூம்புகள் அதில்தான் வரும். எங்காவது ஓர் ஆண்கொடி பூத்துவிட்டால் போச்சு. அதன் மகரந்தம் காற்றில் ஏறி ஊரெல்லாம் இறங்கும், கூம்புக்குள் விதை பிடித்துவிடும். விதை பிடித்த கூம்பை பீர் காய்ச்சுகிறவன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். மூட்டைகளுக்கு ஊர் பேரில் ஒரே முத்திரை என்பதால் கெட்டால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் கெடும். ஆற்றோரத்து மரங்களிலும் வேலிகளிலும் காட்டுக்கொடி தானாக முளைத்துக்கொண்டே இருக்கும். லத்தீனில் இதற்குச் சின்ன ஓநாய் என்று பேர், ஏறிய மரத்தின் கழுத்தை நெரிப்பதால் வந்தது என்று பாதிரியார் சொல்வார். ஊர்க்காரர்கள் ஆண்கொடியை மட்டும்தான் ஓநாய் என்றார்கள்.

ஓநாய் வேட்டை கோர்பினியன் பொறுப்பு. கோடை தொடங்கியதும் மண்வெட்டியோடு வேலி வேலியாக நடந்து, கண்டதைக் கல்லி எறிவார். எவர் வீட்டு எல்லைக்குள் ஆண்கொடி பூத்துக் கிடந்ததோ அந்த வீட்டுக் கதவில், கூம்பில்லாத வெறுங்கொடியை வளையமாகச் சுற்றி ஆணியடித்து மாட்டுவதும் அவர்தான். நவம்பரில் அனைத்துப் புனிதர் திருநாள் வரைக்கும் அதை எடுக்கக் கூடாது. அது ஊர் வழக்கம். அபராதம்கூட உண்டு, ஆனால் அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம்.

போன வருஷம் அந்த வளையம் எதிர்வீட்டு சென்ஸியின் கதவில் தொங்கியது. சென்ஸி புருஷனை இழந்தவள். கழிப்பறைச் சுவரில் ஒரு கொடி ஏறியதை அவள் கவனிக்கவில்லை. கோர்பினியன் ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு வேரைத் தோண்டினார். "வீட்டுல ஆம்பளை இல்லாத குறைக்கு சென்ஸி சுவத்துலயே ஒருத்தன வளத்துக்கிட்டா!" என்று அவர் சொன்ன பகடிக்கு ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. சென்ஸி மட்டும் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இந்த வருஷம் கோர்பினியனின் களஞ்சியச் சுவரில் ஒரு கொடி தானாக முளைத்துத் தளதளவென்று ஏறியது. கோர்பினியன் வீட்டுக் கொடி என்பதால் அதை யாரும் சந்தேகமாக ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதன் நிழலில்தான் அவர் மனைவி வால்புர்கா பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு மூச்சிரைப்பு. வெயில் ஆகாது.

"இதப் பிடுங்கிடுங்களேன். எனக்கென்னமோ பயமா இருக்கு" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

"போடி பைத்தியக்காரி. இலையப் பாரு. அசல் பொண்ணு. யார்கிட்ட சொல்றே?"

ஜூலையில் அது பூத்தது. கூம்பு இல்லை. வெளிறிய சின்னச் சின்னப் பூக்கள், கொத்துக் கொத்தாக. வால்புர்காவின் கறுப்புச் சால்வையில் மகரந்தம் மஞ்சள் தூளாகப் படிந்திருந்தது. கோர்பினியன் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அந்த நிமிஷமே அறுத்து எறிந்திருக்க வேண்டும். ஆனால் களஞ்சியம் தெருவை ஒட்டி இருந்தது, தோட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவர் ஏணி போட்டு அறுப்பதை யாராவது பார்த்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை ஊரே பூசைக்குப் போகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். அந்த வாரம் முழுக்க வறண்ட காற்று விடாமல் வீசியது. ஒவ்வொரு வீச்சும் அவர் நெஞ்சில் அறைந்தது, ஆனாலும் ஏணியை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்த பிறகு அறுத்துக் கிழித்து அடுப்பில் போட்டு எரித்தார். பாதிரியாரிடம் மனைவிக்கு முடியவில்லை என்று சொன்னார்.

செப்டம்பரில் அறுவடை முடிந்து மூட்டைகள் எடைக்கூடத்துக்கு வந்தன. முத்திரை அதிகாரி ஒரு கூம்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். கசப்பைக் கொடுக்கிற மஞ்சள் பொடிக்கு நடுவே கடுகு மாதிரி விதைகள். அடுத்த மூட்டை, அதற்கடுத்த மூட்டை, எல்லாவற்றிலும் அதே கதை. முத்திரைக் கட்டையை அவர் பெட்டிக்குள் திரும்ப வைத்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"ரெண்டாந்தரம்" என்றார். "உங்க ஊர்ல ஓநாய் பூத்திருக்கு."

ஊர்த்தலைவர் பார்த்தல் முகம் சிவக்கத் திரும்பினார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? சென்ஸி வீட்டுல வேர் நின்னிருக்கும், மறுபடி துளிர்த்திருக்கும். ஏன் அண்ணே, போன வருஷம் நீங்கதானே தோண்டினீங்க, வேர் முழுசா வந்துச்சா?"

முழுசாக வந்தது. நுனிவேர் அறாமல் எடுத்ததை அவரே கையில் தூக்கிக் காட்டியிருந்தார். 'வந்துச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு துண்டு உள்ள நின்னிருக்கலாம்" என்றார் கோர்பினியன்.

சொன்ன மாத்திரத்தில் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கூட்டம் அதற்குள் கிளம்பிவிட்டது. யாரோ வெறுங்கொடியை வளையமாகச் சுற்றி அவர் தோளில் மாட்டினார்கள். ஆணியும் அவர் கைக்கு வந்தது. வழக்கம்போல முன்னால் நடக்க வேண்டியவர் அவர்தான். நடந்தார்.

சென்ஸி கதவைத் திறந்து நின்றாள். கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு. பார்த்தல் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தோண்டிப் பாருங்க" என்றாள். "முள்ளங்கிப் பாத்தியை மட்டும் மிதிக்காதீங்க."

தோண்டினார்கள். கழிப்பறைச் சுவரோரம், வேலியோரம், கோழிக்கூட்டுக்குப் பின்னால் எல்லாம் தோண்டினார்கள். ஒரு வேர்நாரும் அகப்படவில்லை. "எரிச்சிருப்பா" என்றது ஒரு குரல். "பூசைக்குக்கூட வராதவ. எல்லாரும் கோயில்ல இருக்கறப்ப இவ என்ன பண்றான்னு யார் கண்டா?" முள்ளங்கிப் பாத்தியும் மிதிபட்டது.

கோர்பினியனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரெல்லாம் கோயிலில் இருந்தது, இவள் ஒருத்தி வீட்டில் இருந்தாள். அவளுடைய சமையலறை ஜன்னல் அவர் களஞ்சியத்தைப் பார்த்தபடி இருந்தது. அவர் தலை நிமிர்ந்தார். சென்ஸி அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். மேய்ச்சலுக்குப் போன மாடு தானாக வீடு திரும்புகிறதா என்று பார்ப்பது போல, அவசரமில்லாமல் பார்த்தாள்.

"மாட்டுங்க அண்ணே, நேரமாகுது" என்றார் பார்த்தல்.

கோர்பினியன் கதவருகே போனார். ஆணியை வைக்கக் கை உயர்த்தினார்.

"புது ஆணி எதுக்கு அண்ணே?" என்றாள் சென்ஸி மெதுவாக. "நீங்க போன வருஷம் அடிச்சது அப்படியேதான் இருக்கு. நான் பிடுங்கலை."

இருந்தது. துருப்பிடித்து, கோணலாக. ஆணிக்குக் கீழே கதவின் பச்சைச் சாயத்தில் போன வருஷத்து வளையம் உரசிய வட்டத் தடம். கோர்பினியன் கையை இறக்கினார். வளையத்தைத் தோளோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தெருவைக் கடந்தார். தன் வீட்டுக் கதவின் முன் நின்றார்.

"ஓநாய் என் வீட்டுல பூத்துச்சு" என்றார். "களஞ்சியச் சுவத்துல. நான்தான் வளத்தேன்."

பார்த்தல் தொப்பியைக் கழற்றினார். "அண்ணே, உங்க மனசு யாருக்கு வரும்? ஒரு விதவைக்காகப் பழிய உங்க தலையில போட்டுக்கறீங்களே!" கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்று தலைகள் ஆடின. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலில் அவர் கூனிக் குறுகிப் போனார். பொய் சொன்னபோதும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் புனிதர் ஆக்குகிறார்கள்!

"சென்ஸி, நீ பாத்தே இல்ல? சொல்லேன்" என்று கெஞ்சினார்.

"நான் சொன்னா யார் நம்புவாங்க அண்ணே? நான் பூசைக்கே வராதவ."

அவர் களஞ்சியத்தைச் சுற்றி ஓடினார். அதை ஒட்டிய அவருடைய தோட்டத்து முதல் வரிசையில், பறிக்காமல் விட்ட ஒரு கொடி இன்னும் கம்பியில் நின்றது. விதை வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து, பறிப்பவர்களிடம் அதைத் தொட வேண்டாம் என்று சொன்னதே அவர்தான். கைநிறைய உருவிக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் தேய்த்து, பார்த்தலின் தொப்பிக்குள் கொட்டினார். பொடியே தெரியவில்லை. எல்லாம் விதை. எடைக்கூடத்தில் ஒரு மூட்டையில்கூட இவ்வளவு இல்லை. ஓநாய்க்கு ஒட்டினாற்போல் நின்ற கொடியில்தான் விதை இப்படி மண்டும். பார்த்தல் தொப்பியைப் பார்த்தார், களஞ்சியச் சுவரைப் பார்த்தார், பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையோடு அறுத்த அடித்தண்டைப் பார்த்தார். பெஞ்சில் வால்புர்கா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பார்த்தல் விதைகளை மண்ணில் தட்டிக் கொட்டிவிட்டுத் தொப்பியைப் போடாமலே நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். இலை பார்த்துச் சொல்கிறவரின் மானம் கப்பலேறியது, சத்தமே இல்லாமல்.

கோர்பினியன் வளையத்தைக் கதவில் வைத்து ஆணியை நிறுத்தினார். அடிக்க ஒன்றும் இல்லை. சுத்தியலை மறந்து வந்திருந்தார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சென்ஸி தன் வீட்டுச் சுத்தியலோடு தெருவைக் கடந்து வந்து நீட்டினாள்.

"இந்தாங்க. நேரா அடிங்க அண்ணே. கோணலா இருந்தா வளையம் காத்துல ஆடி ராத்திரியெல்லாம் கதவுல இடிக்கும். தூங்க முடியாது" என்றாள்.