செத்த கோழி இட்ட முட்டை

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. இரண்டுக்கும் பொதுவாக ஒரே டிஸ்க். ஒவ்வொரு தாய்க்கோழியின் கால்வளைய எண்ணையும் அது இட்ட முட்டைகளையும் மூன்று வருஷமாக அதில் ஏற்றி வந்தவள் சேலத்துக்காரி தெரசம்மாள். ஒரு மெஷினில் ஓடும் டிஸ்க்கை மற்றதில் மவுண்ட் செய்யக் கூடாது, அதாவது இணைத்து ஓட்டக் கூடாது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று எழுதி எல்லாம் நாசமாகிவிடும் என்று மேனேஜர் அப்புசாமியிடம் அவள் சொல்லாத வாரமில்லை. அவர் முதலாளியின் மச்சான். தலையாட்டுவார், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை, முட்டையிடாத கோழிகள் என்று கம்ப்யூட்டர் அச்சடித்துத் தந்த நானூறும் கறிக்கு லாரியேறின. திங்களன்று, ஷெட்டில் முட்டை பொறுக்கும் குப்பாயி வந்தாள்.

“ஏனுங்க அம்மிணி, நாள் தவறாம முட்டை வெச்சதையெல்லாம் ஏத்தி உட்டுட்டாங்களே? சீக்குக்கோழியெல்லாம் இங்கயே நிக்குதுங்க.”

தெரசம்மாள் டிஸ்க்கைப் பார்த்தாள். பங்குனியில் செத்துப் புதைத்த கோழி முந்தாநாள் முட்டையிட்டிருந்தது. ஒன்றின் எண்ணுக்கு எதிரே இன்னொன்றின் முட்டைகள். மெஷினில் தட்டிய கட்டளைகள் பதிவாகும் காகிதச் சுருளைப் பிரித்தாள். போன செவ்வாய், அவள் சாப்பிடப் போன நேரம். டிஸ்க் வேறு மெஷினில் ஓடுகிறது என்ற எச்சரிக்கை. அதன் கீழே, பரவாயில்லை, மவுண்ட் செய் என்ற கட்டளை.

“பண்ணை பாக்க வந்தவங்களுக்கு இன்னொரு மெஷின்லயும் காட்டலாம்னு போட்டேன்” என்றார் அப்புசாமி. “என்னமோ குறுக்க கேட்டுச்சு, தள்ளி உட்டேன். நல்லாத்தான ஓடுச்சு? கோழிதானம்மா. குத்துமதிப்பா நம்பரப் போட்டு உடு.” சொல்லிக்கொண்டே, வெற்றிலைச் சாறு படிந்த விரலை அந்தக் காகிதத்திலேயே துடைத்தார். அவள் அதை அப்படியே சுருட்டி முதலாளியிடம் எடுத்துப் போனாள்.

முதலாளி செங்கோட்டையன் காகிதத்தை முழுக்கப் படித்தார். மச்சானை ஒருமுறை பார்த்தார். “மெஷின் கோளாறுன்னு எழுதிக்குங்க. குஞ்சு வாங்கறவங்க காதுக்குப் போக வேண்டாம்.”

“நான் அப்படி எழுத மாட்டேனுங்க” என்றாள் தெரசம்மாள்.

மாதப் பிறப்பில் நகல் எடுத்து வைத்த டேப்பிலிருந்து டிஸ்க்கை மீட்டாள். அதற்குப் பிந்திய நாட்களை வெறுமையாகவே விட்டாள். எந்தக் குஞ்சு எந்தத் தாய்க்கோழியுடையது என்று காட்டும் வம்சப் பட்டியல் தப்பாக இருக்க, அதோடு அந்த வாரம் குஞ்சு வாங்கிப்போன இருவருக்கும் ஆபீஸ் போனிலிருந்தே நடந்ததைச் சொன்னாள். சேந்தமங்கலத்துக்காரர் குஞ்சுகளைத் திருப்பி அனுப்பினார். வெண்ணந்தூர்க்காரர், “அப்புசாமி நமக்குச் சொந்தமுங்க, உடுங்க” என்று போனை வைத்துவிட்டார்.

ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, குழாயடியில் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கைகழுவி, தெரசம்மாள் சேலம் பஸ்ஸுக்கு நடந்தாள்.