மிளகு எத்தனை கிலோ?

கொல்லிமலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க ராஜதுரைதான் பேசிக்கொண்டு வந்தார். பேளுக்குறிச்சியில் மிளகு மண்டியும் பாக்குத் தோப்பும் வைத்திருப்பவர். கொல்லிமலை விவசாயிகள் செல்போனிலேயே மிளகு விற்க ஓர் ஆப் வேண்டும் என்று என்னிடம் வந்தவர். சேலத்தில் நான் தனியாகத் தொடங்கிய டிசைன் கம்பெனிக்கு இதுதான் முதல் பெரிய வேலை.

மலைக்குப் போய்ச் சிலர் வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் எப்படி விற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று அப்போதே சொன்னேன். "ஏனுங்க மேடம், எங்க சனத்தைப் பத்தி நீங்க போய்க் கேட்டுட்டு வரோணுங்களா? என்னையக் கேளுங்க" என்றார். அதற்குத் தனியாகச் செலவும் செய்ய மாட்டாராம். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னபடி செய்து கொடுத்தேன்.

சோதனைக்கு விட்டதுமே வம்பு வந்தது. 'இந்த வருடம் எத்தனை கிலோ வரும்?' என்பது ஆப்பின் முதல் கேள்விகளில் ஒன்று. பதிலை வைத்துத்தான் மண்டியிலிருந்து லாரி போகும். மலைமேல் வளப்பூர் நாடு என்ற பகுதியில் அத்தனை பேரும் ஒரு கிலோ என்று போட்டிருந்தார்கள். ஆப் சரியில்லை, வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார் ராஜதுரை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரே ஒரு வீட்டுக்கு என்கூட வாங்க. நீங்க எதுவும் பேசக் கூடாதுங்க, பாத்தாப் போதும். அப்புறமும் ஆப் மேலதான் தப்புன்னா நானே விலகிக்கறேன்" என்றேன். விடை எனக்கும் தெரியாது. ஆனால் அது மலையில்தான் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படி ஒரு கிலோ போட்டவர்களில் ஒருவர் சென்னம்மாள். அவர் வீட்டைச் சுற்றிச் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்து, கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. காபி கொடுத்து உட்கார வைத்தார். போனை நீட்டி, "இதுல மிளகு விக்கற மாதிரி செஞ்சு காட்டுங்கக்கா" என்றேன்.

மளமளவென்று பேர், ஊர் எல்லாம் போட்டார். கிலோ கேட்ட இடத்தில் விரல் நின்றது. கொடிகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். ஒன்று என்று போட்டார்.

"ஒரு கிலோதானாக்கா?"

"ஏதோ வரும் கண்ணு. இன்னும் கொடியிலதான இருக்குது."

"குத்துமதிப்பா எவ்வளவு?"

"சாமி குடுக்கறதுதான்" என்று சிரித்தார்.

ராஜதுரைக்குப் பொறுக்கவில்லை. என்னை வாசலுக்கு அழைத்து, "பாத்தீங்களா? வேற யாவாரிக்குக் குடுக்கப் போறாங்க. அதான் நம்மகிட்ட மறைக்கறாங்க" என்றார்.

சென்னம்மாள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. சட்டென்று ஒன்று தோன்றியது.

"உங்க தோப்புல பாக்கு அறுப்பு எப்பங்க?"

"அடுத்த மாசங்க."

"எவ்வளவு வருங்க?"

"அது ஏதோ..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று, விளைச்சல் வீடு வந்து சேரும்வரை அளவை வாய்விட்டுச் சொல்லாத மண்ணில் பிறந்தவர்தான் அவரும். ஆப்பில் எத்தனை கிலோ என்று கேட்டே தீர வேண்டும் என்று நின்றவரும் அவர்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ராஜதுரை கொடிகளை ஒருதரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சென்னம்மாளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா, லாரி வரோணும்னா எங்ககிட்ட எப்பச் சொல்லுவீங்க?"

"காய வெச்சு மூட்டை கட்டிட்டா, இத்தனை மூட்டைன்னு நானே கூப்பிட்டுச் சொல்லீருவேனுங்க. அதுல என்ன இருக்குது?"

ராஜதுரை தலையாட்டினார். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடுத்து எந்த ஊட்டுக்குப் போகோணுங்க மேடம்?" என்றார்.