ஈரச்சுவர்

கதவைத் திறந்த கெல்சியின் கையில் முழங்கை வரை வெள்ளைப் பெயிண்ட். "வாங்க," என்றாள் ரோனாவிடம், வழியை விடாமலே.

முன்பெல்லாம் ரோனா வந்தால், "காலேஜ் படிச்ச மகராணி வந்துட்டா" என்று கெல்சி கிண்டலடித்துக்கொண்டே டீ போடுவாள். இன்று கெட்டில் பக்கமே போகவில்லை.

ஏன் போவாள்? குளிர்காலத்தில் நாலு வயது மகள் ஃப்ரேயாவின் அறைச்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. வீடு நகரமன்றத்துடையது, எத்தனை தடவை சொல்லியும் சரிசெய்ய ஆள் வரவில்லை. குழந்தை இருமி இருமித் துவண்டது. "உதவி வேணும்னா கேளு, அதுக்குத்தானே நாங்க இருக்கோம்" என்று தைரியம் சொன்னவள் குழந்தைகள் நலப் பணியாளரான இந்த ரோனாதான். கெல்சியும் நம்பிக் கேட்டாள். சுவரைச் சரிசெய்து கொடுங்கள், தூங்கியே பல நாளாகிறது, ஒரு சனி ஞாயிறு யாராவது பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் தேவலை என்றாள்.

கேட்டதே குற்றமாகிவிட்டது. ரோனாவின் அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். அம்மாவால் சமாளிக்க முடியவில்லை என்றாள் மேலதிகாரி ஹிலரி. நகரமன்றத்தின் பூஞ்சை அந்த மேசையில் அம்மாவின் பூஞ்சையாகிப் போனது. நிலைமை மாறாவிட்டால் ஃப்ரேயாவை வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டிவரும் என்று கெல்சியை உட்காரவைத்தே சொன்னார்கள்.

ரோனா உள்ளே போய் ஃப்ரேயாவின் அறைச்சுவரைத் தொட்டாள். புதுப் பெயிண்டுக்கு அடியில் ஜில்லென்று ஊறிய ஈரம். பக்கத்து அறையில் இருமல்.

"இருமறாளே, கெல்சி?"

"இல்லையே. சிரிக்கிறா."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினா அவங்க உங்களுக்குத்தானே போன் போடுவாங்க." கெல்சி கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம். நாங்க நல்லா இருக்கோம்."

மறுநாள் கூட்டத்தில் ஹிலரிக்கு ஏக திருப்தி. அம்மா இப்போதெல்லாம் எதுவுமே கேட்பதில்லை, நல்ல முன்னேற்றம், கண்காணிப்பை இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றாள். எல்லாத் தலைகளும் ஆடின. ரோனா வாயைத் திறந்தால் பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போய்விடலாம். மூடிக்கொண்டால் பிள்ளை அந்தச் சுவரோரமே படுத்து இருமும்.

"சுவர் இன்னும் ஈரமாத்தான் இருக்கு," என்றாள். "அவ பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கா. டாக்டர்கிட்ட போகவே பயப்படறா. பயமுறுத்தினது நாமதான்."

ஹிலரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"அப்போ அம்மா நம்மகிட்ட மறைச்சிருக்காங்க."

"மறைக்கக் கத்துக்கொடுத்ததே நாமதான், ஹிலரி. அந்தச் சுவரைச் சரிபண்ண இன்னிக்கே ஆள் போகும்னு இங்க யாராவது சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அடுத்த குடும்பம் வெளியே காத்திருப்பதாக யாரோ நினைவூட்டினார்கள். ரோனா நாற்காலியை மேசையை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.